பேகூர்க் கல் சொல்லும் கடன் கணக்கு: படைவீரருக்கு நன்றி செலுத்திய வரலாறு

பொம்மனஹள்ளி சந்திப்பில் ஓசூர் சாலையை விட்டுப் பேகூர் சாலையில் திரும்பினால் நான்கைந்து கிலோமீட்டரில் பேகூர் வந்துவிடும். நம் சங்கத்துக் குடும்பங்களில் பாதிப்பேர் அந்தச் சாலையில்தான் குடியிருக்கிறோம். அங்கே ஏரிக்கரையை ஒட்டிய பஞ்சலிங்க நாகேசுவரர் கோயிலுக்குச் சிவராத்திரிக்குப் போய் வருகிறோம். ஆனால் பெங்களூர் என்ற பெயரை முதன்முதலில் சொல்லும் கல் அந்தக் கோயிலில் இருக்கிறது என்பதும், அந்தக் கல் ஒரு போரில் செத்தவர்களுக்காக எழுதப்பட்டது என்பதும் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

வீரவல்லாள மன்னனுக்கு ஒரு கிழவி வெந்த பயறு கொடுத்தாள், அதனால் 'பெந்தகாளூரு' என்று பேர் வந்தது என்று பிள்ளைகளுக்குக் கதை சொல்றோம். அந்த மன்னர் காலத்துக்கு ஏறத்தாழ முன்னூறு ஆண்டுகள் முந்தியது பேகூர்க் கல்வெட்டு. காலம் சுமார் கி.பி. 890. அதைக் கண்டு வெளியிட்டவர் கல்வெட்டறிஞர் ஆர். நரசிம்மாச்சார். பழங்கன்னடத்தில் உள்ள சில வரிகள்தான். 'பெங்களூர்ப் போரில்' நாகத்தரன் மகன் புட்டணசெட்டி இறந்தான், நாகத்தரன் வீட்டைச் சேர்ந்த பெர்வோணசெட்டியும் இறந்தான் என்பது அதன் செய்தி. இவ்வளவு பெரிய ஊரின் பெயர் முதன்முதலில் கல்லில் ஏறியது ஒரு நன்றிக் குறிப்பாகத்தான் என்பதை எண்ணிப் பாருங்கள். ஊருக்கு வயது சொல்வது அரண்மனையும் அல்ல, சந்தையும் அல்ல, இரண்டு வீரர்களின் சாவு.

இந்தக் கட்டுரையில் நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், படைவீரருக்கு ஒரு சமுதாயம் எப்படி நன்றி செலுத்தியது, இப்போது எப்படிச் செலுத்துகிறது என்பது. எழுதுபவன் கல்லூரியில் வரலாறு படித்தவன் இல்லை. தானிய வியாபாரி. ஆகையால் பற்று வரவு பார்க்கும் கண்ணோடுதான் கல்வெட்டையும் பார்க்கிறேன். அது ஒருவகையில் நல்லதுக்குத்தான் என்று படுகிறது. ஏனென்றால் நம் முன்னோர் நன்றியை வெறும் உணர்ச்சியாக வைக்கவில்லை, கணக்காகத்தான் எழுதி வைத்தார்கள்.

கடனுக்கு இரண்டு பக்கம்

தமிழில் 'செஞ்சோற்றுக் கடன்' என்று ஒரு சொல் உண்டு. தலைவன் போட்ட சோற்றைத் தின்ற வீரன், அவனுக்காக உயிர் கொடுத்துக் கடனைக் கழிப்பது. கூத்து பார்த்து வளர்ந்த நமக்கெல்லாம் கர்ணன் கதையால் மனத்தில் பதிந்த சொல் இது. ஆனால் இது ஏட்டின் ஒரு பக்கம்தான். வீரன் தன் கணக்கைத் தீர்த்துவிட்டான். அதற்குமேல் உயிரையும் கொடுத்துவிட்டான். அப்போது பாக்கி யார் பக்கம் நிற்கிறது? சோறு போட்டவன் பக்கம். ஊர் பக்கம். இந்தப் பாக்கியை நம் முன்னோர் எப்படித் தீர்த்தார்கள் என்பதற்குச் சாட்சிதான் நடுகல்.

தொல்காப்பியம் புறத்திணையில் கல் எடுக்கும் முறையை ஆறு படியாகச் சொல்கிறது. தகுந்த கல்லைத் தேடிக் காணுதல் காட்சி. அதைக் கொண்டுவரத் தொடங்குவது கால்கோள். நீரில் இட்டுத் தூய்மை செய்வது நீர்ப்படை. பிறகு நடுதல். அதன்பின் படையலிட்டுச் சிறப்புச் செய்யும் பெரும்படை. கடைசியில் வாழ்த்து. கவனியுங்கள், வாழ்த்து ஆறாவதாக வருகிறது. இன்றைக்கு நாம் வாழ்த்தில் ஆரம்பித்து வாழ்த்திலேயே முடித்துவிடுகிறோம். அன்றைக்கு ஐந்து வேலை செய்து முடித்த பிறகுதான் வாய் திறந்தார்கள்.

இதெல்லாம் புலவர் கற்பனை என்று யாரும் சொல்ல முடியாதபடி 2006-ல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழ் எழுத்துப் பொறித்த மூன்று பழைய நடுகற்களைத் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டெடுத்தார்கள். எழுத்து தமிழ் பிராமி. கிறித்து பிறப்பதற்கு முற்பட்டவை என்பது அறிஞர்கள் கருத்து. அவற்றில் ஒன்று ஆகோள் பூசலில், அதாவது ஆநிரை கவரும் சண்டையில் பட்ட ஒருவனின் கல். அரசன் பெயர் இல்லை, ஆண்டு இல்லை. செத்தவன் பெயர் மட்டும் இருக்கிறது.

இந்தப் பெயர் விஷயம் முக்கியமானது. திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் வட்டாரத்து நடுகற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை, இரா. நாகசாமி அவர்கள் இயக்குநராக இருந்த காலத்தில் தேடி எடுத்துத் தொகுத்து வெளியிட்டது. அதில் எடுத்தனூர்க் கல் ஒன்று. மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டு. கருந்தேவக்கத்தி என்ற வீரன் எருமைகளைக் காக்கும் சண்டையில் இறந்தான். அவனுடைய நாய், பெயர் கோவிவன், கள்ளனைக் கடித்துத் தன் தலைவனைக் காத்து நின்றது. கல்லில் வீரனோடு நாயையும் செதுக்கி, அதன் பெயரையும் எழுதி வைத்தார்கள். ஆயிரத்து நானூறு ஆண்டு கழித்து நாம் அந்த நாயைப் பெயர் சொல்லி அழைக்க முடிகிறது!

நெய்த்தோரும் நெத்தரும்

கல் நட்டதோடு கணக்கு முடியவில்லை. செத்தவன் வீட்டில் பெண்டாட்டி பிள்ளைகள் சாப்பிடணுமே! அதற்காக நிலம் கொடுத்தார்கள். அந்த நிலத்துக்குத் தமிழ்க் கல்வெட்டில் 'உதிரப்பட்டி', 'நெய்த்தோர்ப்பட்டி' என்று பெயர். நெய்த்தோர் என்றால் இரத்தம். இரத்தம் சிந்தியதற்கான நிலம். கன்னடக் கல்வெட்டில் இதே வகைக் கொடைக்கு 'நெத்தரு கொடகி' என்று பெயர். கன்னடத்தில் நெத்தரு என்றால் இரத்தம். நெய்த்தோர், நெத்தரு, இரண்டும் ஒரே வேரில் கிளைத்த சொற்கள். மொழிச் சண்டை போடும் நேரத்தில் நம்ம பிள்ளைகள் இதையும் தெரிந்துகொள்ளட்டும். தமிழனும் கன்னடனும் தங்கள் வீரனுக்கு நன்றி சொல்ல ஒரே சொல்லைத்தான் வைத்திருந்தார்கள்.

பேகூருக்கு மீண்டும் வருவோம். மேலே சொன்ன புட்டணசெட்டியின் தகப்பன் நாகத்தரன் என்றேன் அல்லவா? பேகூரில் இருந்து எடுத்துச் செல்லப்பட்டு இப்போது கஸ்தூர்பா சாலை அரசு அருங்காட்சியகத்தில் இருக்கும் பெரிய வீரக்கல் நாகத்தரன் என்ற வீரனுடையது. கங்க மன்னன் எறெயப்பன், வீரமகேந்திரனை எதிர்த்த அய்யபதேவனுக்குத் துணையாக நாகத்தரனைப் படையோடு அனுப்புகிறான். தும்பெபாடி என்ற இடத்தில் சண்டை. நிலைமை மோசமாகும்போது நாகத்தரன் யானையை எதிர்த்து நின்று பொருது இறக்கிறான். செய்தி கேட்ட எறெயப்பன் என்ன செய்தான்? இருகன் என்பவனுக்கு 'நாகத்தரன்' என்ற பட்டத்தைக் கட்டி, பெம்பூர்-12 என்னும் பன்னிரண்டு ஊர்களைக் கல்நாடாகக் கொடுத்தான். பெம்பூர்தான் இன்றைய பேகூர். கல்லில் ஊர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்கிறது. மேலே யானை, குதிரை, காலாள் என்று போர்க்களம் முழுவதையும் சிற்பி காட்டியிருக்கிறான்.

வியாபாரி கண்ணுக்கு இதில் தெரிவது என்னவென்றால், இது ஒரு பத்திரம். கொடுத்தவன் பெயர், வாங்கியவன் பெயர், காரணம், சொத்து விவரம் எல்லாம் இருக்கிறது. நாளைக்கு ஒருவன் வந்து 'இது உனக்கு எப்படி வந்தது' என்று கேட்டால் கல்லைக் காட்டலாம்.

இதே பேகூர்ப் பகுதிக்குத் தமிழிலும் பதிவு உண்டு. நமக்குப் பக்கத்து மடிவாளம் சோமேசுவரர் கோயிலில் உள்ள 1247-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு இவ்வூரை 'வேப்பூர்' என்கிறது. ஆகவே நாம் நேற்று ரயிலேறி வந்தவர்கள் என்றாலும், நம்ம மொழி இந்த மண்ணுக்குப் பழையது. இந்த மண்ணின் வீரர்களும் நமக்கு அந்நியர் அல்லர்.

உயிரோடு திரும்பியவனுக்கு என்ன?

இங்கே ஒரு கேள்வி எழும். செத்தவனுக்குக் கல், சரி. சண்டை போட்டுவிட்டு உயிரோடு வந்தவனுக்கு? உண்மையில் அதுதான் கடினமான நன்றி. செத்தவன் ஒன்றும் கேட்க மாட்டான். உயிரோடு இருப்பவன் நாளை வந்து வாசலில் நிற்பான்.

அதே அருங்காட்சியகத்தில் இருக்கும் ஆதக்கூர்க் கல் இதற்கு விடை தருகிறது. மண்டியா மாவட்டம் மத்தூர் பக்கத்து ஊர் ஆதக்கூர். கி.பி. 949-ல் நம்ம தக்கோலத்தில் சோழருக்கும் இராட்டிரகூடருக்கும் நடந்த போர் நமக்கெல்லாம் தெரிந்தது. பராந்தக சோழன் மகன் இராசாதித்தன் யானைமேல் இருந்தபடியே உயிர் துறந்தான். அந்தப் போரில் கங்க மன்னன் பூதுகன் பக்கம் நின்று போரிட்ட மணலேரன் என்ற வீரன் உயிரோடு திரும்பினான். மகிழ்ந்த தலைவன் 'என்ன வேண்டும், கேள்' என்றான். மணலேரன் கேட்டது பொன் அல்ல, ஊர் அல்ல. காளி என்ற வேட்டை நாய்! பிறகு அந்த நாய் ஒரு பெரிய காட்டுப்பன்றியோடு சண்டையிட்டு, இரண்டும் இறந்தன. நாய்க்குக் கல் நட்டு, பூசைக்கு நிலமும் விட்டார்கள். மணலேரனுக்குத் தனியாக 'பாள்கழ்ச்சு' என்று ஊர்க்கொடை கிடைத்தது. வாளைக் கழுவி வைக்கும் கொடை என்று பொருள். சண்டை முடிந்தது, வாளைக் கழுவி வை, இனி நீ பிழைக்க இது இருக்கிறது என்று அர்த்தம். பென்ஷன் என்ற சொல் பிறப்பதற்கு முன்பே அதன் பொருள் இந்தப் பக்கத்தில் பிறந்துவிட்டது!

இராசாதித்தனை நாம் இழந்த போரின் கல் அது. இருந்தாலும் அதைப் பார்க்கும்போது எனக்கு மனக்கசப்பு வருவதில்லை. எதிரி தன் வீரனை மதித்தான். நாமும் நம்ம வீரனை 'ஆனைமேல் துஞ்சிய' தேவன் என்று செப்பேட்டில் மதித்தோம். சரிக்குச் சரி.

அகிம்சை பேசுபவனுக்கு இதில் என்ன வேலை?

நான் சமண குலத்தில் பிறந்தவன். வந்தவாசி, ஆரணிப் பக்கத்து நயினார் வீடுகளில் பொழுது சாய்ந்தால் சாப்பாடு கிடையாது, ஒரு பூச்சி விழுந்துவிடக் கூடாதே என்று. அப்படிப்பட்டவன் படைவீரரைப் பற்றி எழுதலாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

சமண நூல்கள் இம்சையை நான்காகப் பிரிக்கின்றன. வேண்டுமென்றே செய்வது சங்கல்பி. வீட்டு வேலையில் நேர்வது ஆரம்பி. தொழிலில் நேர்வது உத்யோகி. தாக்க வருபவனைத் தடுக்கும்போது நேர்வது விரோதி. துறவி நான்கையும் விடணும். இல்லறத்தான் முதலாவதை முற்றிலும் விடணும், மற்றவற்றைக் குறைத்துக்கொள்ளணும். ஆகவே காவலுக்கு நிற்பவனைச் சமணம் பழித்ததில்லை. சிரவணபெளகொளாவில் கோமடேசுவரரை எழுப்பிய சாமுண்டராயர் கங்கரின் படைத்தலைவர். போசள விஷ்ணுவர்த்தனனின் தளபதி கங்கராசர் தலைக்காட்டைச் சோழரிடமிருந்து மீட்டார். மன்னன் வரம் கேட்கச் சொன்னபோது பரமா என்ற ஊரைக் கேட்டு வாங்கி, தன் தாயும் மனைவியும் கட்டிய ஜினாலயங்களுக்கே விட்டுவிட்டார்.

பேகூரிலும் இப்படி ஒரு செய்தி உண்டு. நாகத்தரன் மகள் தொண்டப்பை சல்லேகனை நோன்பிருந்து உயிர் நீத்ததற்கு ஒரு நிசிதிக் கல் இருக்கிறது. ஒரே வீட்டில் தகப்பன் பெயரில் போர்க்களக் கல், மகன் பெயரில் பெங்களூர்ப் போர்க் கல், மகள் பெயரில் உண்ணாநோன்புக் கல். வாளும் நோன்பும் ஒரே கூரையின்கீழ் இருந்திருக்கின்றன.

வியாபாரிக்கும் இதில் தனிக் கடன் உண்டு. இடைக்காலத்தில் ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு தென்னாடு முழுக்கவும் கடல் கடந்தும் வியாபாரம் செய்தது. சரக்கு வண்டிகளையும் சந்தைகளையும் காக்க அவர்கள் வீரர்களை வைத்திருந்தார்கள். அந்த வீரர்கள் ஆபத்தில் துணிந்து காத்தபோது, வணிகர்கள் கூடி அந்த ஊரை 'எறிவீரபட்டினம்' என்று அறிவித்துக் கல் வெட்டினார்கள். வீரர்கள் தரவேண்டிய தொகைகளைத் தள்ளியும் கொடுத்தார்கள். இத்தகைய கல்வெட்டுகள் தமிழ்நாட்டிலும் ஆந்திர எல்லையிலும் இலங்கையிலும் கிடைத்துள்ளன. ஊரின் பேரையே வீரனுக்குக் கொடுத்த வியாபாரிகளின் வம்சம் நாம். கடைக்குக் காவல் நிற்பவரை 'ஏய் வாட்ச்மேன்' என்று கூப்பிடும்போது இது நினைவுக்கு வரணும்.

எண் மட்டும் மிஞ்சிய காலம்

கம்பெனி ஆட்சி வந்தபின் கணக்கு வேறு விதமானது. சென்னைப் பட்டாளத்தின் பயனியர் கம்பெனிகள் 1780-ல் தொடங்கின. அவைதான் வளர்ந்து மெட்ராஸ் சாப்பர்ஸ் ஆயின. 1834-ல் இந்தப் படை பெங்களூருக்கு இடம் மாறியது. இன்றும் அல்சூர் ஏரிப் பக்கம் மெட்ராஸ் எஞ்சினியர் குரூப் என்ற பெயரில் இருக்கிறது. அந்தப் படை வீரர்களைப் பிரியமாகத் 'தம்பி' என்று அழைப்பார்கள். இந்திய ராணுவத்தில் ஒரு தமிழ்ச் சொல் செல்லப்பெயராக நிலைத்தது இதனால்தான். பெங்களூரில் தமிழர் வேர்விட்டதற்கு ஆலைகளைப் போலவே இந்தக் கண்டோன்மென்டும் ஒரு காரணம்.

முதல் உலகப் போரில் 13 லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர் சேவை செய்தார்கள். சுமார் 74 ஆயிரம் பேர் திரும்பவில்லை. பிரிகேட் சாலையும் ரெசிடென்சி சாலையும் சந்திக்கும் இடத்தில் ஒரு கல்தூண் நிற்கிறதே, ஷாப்பிங் போகும்போது தினம் ஆயிரம் பேர் கடந்து போகிறார்களே, அது அந்தப் போரில் இறந்த மெட்ராஸ் பயனியர் படையினருக்கானது. 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவில் டாங்கா சண்டையில் நின்றவர்கள் அவர்களில் உண்டு. மைசூர் லான்சர்ஸ் குதிரைப்படை 1918 செப்டம்பர் 23-ல் ஹைஃபா நகரைப் பிடித்ததில் பங்குகொண்டது, அவர்களுக்கு ஜெ.சி. நகரில் நினைவுத்தூண் உண்டு.

ஆனால் நம்ம ஊர்ப்பக்கங்களில் அந்தக் காலத்து அரசாங்கம் வைத்த சலவைக்கல் பலகைகளைப் பாருங்கள். பழைய கட்டடச் சுவரில் பதித்திருப்பார்கள். இந்தக் கிராமத்திலிருந்து பெரும் போருக்கு இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று எழுதியிருக்கும். அவ்வளவுதான். பெயர் இல்லை! பல்லவர் காலத்தில் நாய்க்குக்கூடப் பெயர் எழுதிய மண்ணில், இருபதாம் நூற்றாண்டில் மனிதன் எண்ணிக்கையாக மட்டும் மிஞ்சினான். நாகரிகம் வளர்ந்தது என்கிறோம், நன்றி வளர்ந்ததா என்று தெரியவில்லை.

இரண்டாம் உலகப் போரில் 25 லட்சம் இந்தியர் படையில் இருந்தார்கள். அதில் ஒருவரை மட்டும் இங்கே சொல்கிறேன். மெட்ராஸ் சாப்பர்ஸ் படையின் சுபேதார் சுப்பிரமணியன். காஞ்சிபுரம் பக்கம் கீழ்ஒட்டிவாக்கத்துக்காரர். 1944 பிப்ரவரி 24, இத்தாலியில் மிஞ்ஞானோ என்ற இடத்துக்கருகில் கண்ணிவெடி அகற்றும் வேலை. ஒரு வெடியின் பொறி தட்டிவிட்டது. தட்டியதற்கும் வெடிப்பதற்கும் நடுவில் சில நொடிதான். ஓடியிருந்தால் அவர் பிழைத்திருக்கலாம். ஓடவில்லை, வெடியின்மேல் விழுந்து தன் உடம்பால் மூடினார். உடன் இருந்தவர்கள் பிழைத்தார்கள். அவருக்கு ஜார்ஜ் கிராஸ் விருது, இறந்தபின், வழங்கப்பட்டது. இந்தியர்களில் அதை முதலில் பெற்றவர் என்று அவரைக் குறிப்பிடுவார்கள். விரோதி இம்சை என்று மேலே சொன்னேனே, இங்கே அதுகூட இல்லை. யாரையும் கொல்லாமல் பிறரைக் காக்கத் தன்னைக் கொடுத்தார். எந்த அகிம்சைக்காரனும் கைகூப்ப வேண்டிய செயல்.

அதே போரில் மலாயா, சிங்கப்பூர் தோட்டத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். விடுதலைக்குப் பிறகு அவர்களை ராணுவத்தில் மீண்டும் சேர்த்துக்கொள்ளவில்லை. விடுதலைப் போராட்ட வீரர்களுக்கான மத்திய அரசு ஓய்வூதியம் 1972-ல்தான் தொடங்கியது. அதற்குள் எத்தனை பேர் கண்மூடியிருப்பார்கள்! நன்றிக்கும் காலக்கெடு உண்டு. தாமதமான நன்றி வாரிசுக்குத்தான் போய்ச் சேரும்.

இன்றைய கணக்கு

சுதந்திர இந்தியா ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது நியாயமாகாது. 1949 முதல் டிசம்பர் 7 கொடிநாள். மாவட்டந்தோறும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம். 2003-ல் முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம். 2015-ல் 'ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்' அரசாணை. 2019 பிப்ரவரி 25-ல் தில்லியில் தேசியப் போர் நினைவகம் திறக்கப்பட்டது. அங்கே 25 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர் ஒவ்வொன்றாகப் பொறிக்கப்பட்டுள்ளது. பெயர் திரும்பி வந்துவிட்டது! நம் பெங்களூரிலும் நேரு கோளரங்கம் பக்கத்து ராணுவ நினைவுப் பூங்காவில் சுமார் 75 அடி உயரத்தில் ஒரே கல்லால் ஆன 'வீரகல்லு' நிற்கிறது. நாகத்தரன் கல்லின் பேரன் என்று அதைச் சொல்லலாம்.

இருந்தாலும் உயிரோடு திரும்பியவர் கணக்கில் இன்னும் பாக்கி இருக்கிறது. சாதாரண சிப்பாய் 35, 40 வயதுக்குள் ஓய்வு பெற்றுவிடுகிறார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வயது. பென்ஷன் வந்தாலும் போதாது. ஓசூர் சாலையில் எந்த பேங்க் வாசலிலும், எந்த அடுக்குமாடி கேட்டிலும் பாருங்கள். நெஞ்சை நிமிர்த்தி, சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு ஒருவர் நின்றால், அவர் மில்டரிக்காரராக இருக்க வாய்ப்பு அதிகம். வேலூர் மாவட்டம் கம்மவான்பேட்டையை 'ராணுவப்பேட்டை' என்றே சொல்வார்கள், வீட்டுக்கு ஒருவர் ராணுவத்தில் என்பதால். அந்தப் பக்கத்து மனிதர்கள்தான் நம்ம தெருவிலும் காவல் நிற்கிறார்கள்.

2022-ல் வந்த அக்னிபத் திட்டத்தில் சேரும் இளைஞர் நான்கு ஆண்டு பணி செய்வார். நான்கில் ஒரு பங்குவரைதான் நிரந்தரமாகத் தொடர்வர். மற்றவர்கள் ஒரு மொத்தத் தொகையோடு, பென்ஷன் இல்லாமல், இருபத்தைந்து வயதை ஒட்டி வீடு திரும்புவார்கள். இதன் சரி தவறை வல்லுநர் பேசட்டும். நமக்குத் தெரிய வேண்டியது ஒன்று. பாள்கழ்ச்சு கொடுக்கும் பொறுப்பில் பெரும்பகுதி இனி சமுதாயத்தின்மேல், குறிப்பாக வேலை கொடுக்கக்கூடிய நம் போன்ற வியாபாரிகள்மேல் விழுகிறது.

இன்னொரு சிக்கல், பார்க்கச் சிறியது, ஆனால் சோற்றில் கைவைப்பது. தமிழர் பெயர் முறை. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பட்டாளத்தில் சேரும்போது எழுத்தர் ஒரு விதமாக எழுதிவிடுவார். ஆதாரில் வேறு விதம். மனைவி பெயர் சேவைப் பதிவேட்டில் 'லட்சுமி', ரேஷன் கார்டில் 'லக்ஷ்மியம்மாள்'. அவர் இருக்கும்வரை யாருக்கும் தெரியாது. அவர் போனபின் குடும்ப ஓய்வூதியத்துக்கு அந்த அம்மா நடையாய் நடக்கணும். எனக்குத் தெரிந்த ஒரு முதிய தாயார், பதினான்கு மாதம் ஒரு அலுவலகத்துக்கும் இன்னொரு அலுவலகத்துக்கும் அலைந்தார். காரணம் ஒரே ஒரு எழுத்து. இப்போது ஓய்வூதியம் 'ஸ்பர்ஷ்' என்ற கணினி முறைக்கு மாறிவிட்டது. ஆண்டுக்கொரு முறை உயிர்வாழ் சான்று கொடுக்கணும், பெரும்பாலானோருக்கு நவம்பரில். விரல்ரேகை தேய்ந்த கிழவருக்கு அது பெரிய மலை. நாகத்தரன் குடும்பத்துக்குக் கல்லில் பெயர் சரியாக வெட்டிக் கொடுத்தார்கள். நம்ம காலத்து விதவைக்குக் காகிதத்தில் பெயர் சரியாக இல்லை.

நம் சங்கம் செய்யக்கூடியது

2016 முதல் ஆண்டுதோறும் ஜனவரி 14 முன்னாள் படைவீரர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. இந்தியாவின் முதல் இந்தியத் தலைமைத் தளபதி, குடகு தந்த கரியப்பா, 1953-ல் ஓய்வு பெற்ற நாள் அது. நம் பொங்கல் வரும் நாள்களை ஒட்டியே அது வருகிறது. பொங்கல் என்பதே நன்றிப் பண்டிகை. சூரியனுக்கு நன்றி, மாட்டுக்கு நன்றி. அந்த வரிசையில் எல்லையில் நின்றவரையும் சேர்த்துக்கொள்வதில் எந்த வழக்கமும் கெட்டுவிடாது.

சால்வை போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அது தொல்காப்பியர் சொன்ன ஆறாவது படி. முதல் ஐந்தையும் செய்வோம். முதலில் காட்சி: நம் பகுதியில் முன்னாள் வீரர்களும் வீரர்களின் மனைவியரும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தேடிக் காண்போம். அவர்கள் பெயர், சேர்ந்த ஆண்டு, நின்ற போர், படைப்பிரிவு ஆகியவற்றை ஒரு ஏட்டில் எழுதுவோம். மிதிக் சொசைட்டிக்காரர்கள் பெங்களூர்க் கல்வெட்டுகளை முப்பரிமாணப் படமாக எடுத்துக் காத்து வருகிறார்கள். நாம் உயிருள்ள கல்வெட்டுகளைக் காக்க வேண்டாமா? 1962, 1965, 1971 போர்களைப் பார்த்தவர்கள் எண்பது வயதைத் தாண்டிக்கொண்டிருக்கிறார்கள். இனியும் தள்ளிப்போட நேரமில்லை.

அடுத்தது, ஆண்டில் ஒரு ஞாயிறு, நவம்பரில், சங்கக் கட்டடத்தில் கணினி தெரிந்த நம் பிள்ளைகளை உட்கார வைத்து உயிர்வாழ் சான்றுக்கு உதவுவோம். டிஸ்சார்ஜ் புத்தகம், ஓய்வூதிய ஆணை, ஆதார், பேங்க் பாஸ்புக் நான்கையும் பக்கத்தில் வைத்துப் பெயர் ஒத்துப்போகிறதா என்று பார்ப்போம். கணவர் உயிரோடு இருக்கும்போதே திருத்திவிட்டால் பின்னால் மனைவி அலைய வேண்டியதில்லை. சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு இது அரை மணி நேர வேலை. அந்தத் தாய்மாருக்கு அது பதினான்கு மாத நடை.

மூன்றாவது, கடையும் தொழிற்சாலையும் வைத்திருப்பவர்கள், திரும்பி வரும் வீரருக்குக் காவல் வேலை மட்டும் என்று எண்ண வேண்டாம். பாலம் கட்டியவர், வண்டி பழுது பார்த்தவர், கிடங்கு நிர்வாகம் செய்தவர், வயர்லெஸ் இயக்கியவர் எல்லாம் அவர்களில் இருக்கிறார்கள். என்ன தெரியும் என்று கேட்டு அதற்கேற்ற வேலை கொடுத்தால் லாபம் நமக்குத்தான். இதை நான் தயவாகச் சொல்லவில்லை, வியாபாரமாகவே சொல்கிறேன்.

ஒரு விடுமுறை நாளில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கஸ்தூர்பா சாலை அருங்காட்சியகத்துக்குப் போய் நாகத்தரன் கல்லையும், மணலேரன் நாய் காளியின் கல்லையும் காட்டுங்கள். இரண்டிலும் செதுக்கியவன் பெயரைவிடச் செத்தவன் பெயர் பெரிது. திரும்பும் வழியில் உங்கள் அடுக்குமாடி கேட்டில் நிற்கும் பெரியவரிடம் 'ஐயா, நீங்கள் எந்த ரெஜிமென்ட்?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பதில் வரும்போது அவர் தோள் நிமிர்வதைப் பிள்ளைகள் பார்க்கட்டும்.

கடனை வைத்துக்கொண்டு கண்மூடக் கூடாது என்பது வியாபாரிகள் வீட்டு வழக்கம். ஊருக்கும் அதுதான் வழக்கமாக இருக்கணும்.